அடைப்புக்குறிக்குள் இருந்த சொல்

எர்மெலிண்டா அண்ணியின் பையன் நூனோவை இடுகாட்டில் வைத்துவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்து, எங்கள் வழக்கப்படி கல்லறையில் கசப்புப் பூவும் போட்டு முடித்திருந்தோம். நாற்பதாம் நாள் போடுகிற இனிப்புப் பூவுக்கு இன்னும் காலம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் பாங்காக் மாநாடு வந்தது.

நான் ரொஜேரியு. அண்ணியின் கணவர் அபிலியோ எனக்குப் பெரியப்பா மகன். திமோரின் தலைநகர் டிலியில் பெக்கோரா பக்கம் அவர்கள் வீட்டின் பின்னறையில்தான் பல வருடங்களாக இருக்கிறேன். அண்ணி வேலை பார்க்கும் அரசுப் பிரிவிலேயே எனக்கும் வேலை. பசியை ஒழிப்பது, குடிநீர் கொடுப்பது, பள்ளிக்கூடம், கடல், காடு என்று உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து நிலைத்த வளர்ச்சிக்கு இலக்கு வைத்திருக்கின்றன அல்லவா? அதில் திமோர் எதுவரை வந்திருக்கிறது என்று அறிக்கை எழுதுவது எங்கள் பிரிவின் பொறுப்பு. அண்ணிதான் எழுதுவார். நான் பிழை பார்ப்பேன், படம் சேர்ப்பேன், தகவல் தராமல் இழுத்தடிக்கிற துறைகளுக்கு போன் போட்டுக் கெஞ்சுவேன்.

நூனோவுக்கு நான்கு வயது. டெங்கு. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் அது எட்டிப் பார்க்காத வீடு குறைவு. மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. பிறகு விட்டுவிட்டது. டெங்குவில் காய்ச்சல் விட்டு உடம்பு சில்லிடுகிற நேரம்தான் ஆபத்து என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. விட்ட அன்று காலையில் பையன் கஞ்சி கேட்டான். மாநாட்டுக்கான அறிக்கையை அன்று அனுப்பியாக வேண்டும் என்பதால் அண்ணி அலுவலகம் வந்தார். மத்தியானம் அண்ணன் பையனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் கிடந்த வார்டு அது. அங்கே இருந்த நேரம் முழுவதும் டாக்டரோ நர்சோ உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணி அழவில்லை. அண்ணன் அழுதார், அத்தைமார்கள் அழுதார்கள், நான் அழுதேன். அண்ணி வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சரியாக ஞாபகம் வைத்திருந்தார்.

எங்கள் துணை அமைச்சர் விர்ஜிலியோ மெழுகுவர்த்தியும் காபிக்கொட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பருத்த மனிதர். அரசியலுக்கு வருவதற்கு முன்னால் பள்ளித் தலைமையாசிரியர். அவர் உட்கார்ந்தால் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி முனகும். அடக்கத்தன்று மழையில் கடைசிவரை நின்றவர் அவர்.

"தங்கச்சி, நீ பாங்காக் வரவேண்டாம்மா. நாங்க பாத்துக்கறோம்."

"யாரு பாத்துப்பாங்க ஐயா?"

"ரொஜேரியு இருக்கான்ல."

"ரொஜேரியுவுக்கு மாநாட்டு வரைவுல எட்டாவது பத்தியில என்ன இருக்குனே தெரியாது."

உண்மைதான். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் வர்றேன் ஐயா. டிக்கெட்டு போட்டாச்சுல்ல."

அவர் அபிலியோ அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவர். கையில் எப்போதும் ஏதாவது ஒரு சாமான் இருக்கும். அப்போது ஒரு செப்புக் குழாயை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

விர்ஜிலியோ ஐயா போனதும் சத்துர்னினா அத்தை ஆரம்பித்தார்.

"மண்ணு இன்னும் அமுங்கல. இவ பிளேன் ஏறப் போறாளாம். ஏன், அரசாங்கத்துக்கு வேற பொம்பளையே கிடைக்கலயாக்கும்?"

"அத்தே, வாய மூடு," என்றார் அண்ணன். "இங்க இருந்தா சுவத்தப் பாத்துட்டு இருக்கப் போறா. அங்கயும் சுவரு இருக்கும். போயிட்டு வரட்டும்."

அண்ணி பெட்டியில் வைத்ததெல்லாம் கறுப்பு. ஒரு வருடம் எங்களுக்கு அதுதான் நிறம்.

பாங்காக் விமான நிலையத்தில் கடவுச்சீட்டு பார்த்த இளைஞன் எங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"திமோரா? அது இந்தோனேசியாவுல தான இருக்கு?"

"இருந்துச்சு தம்பி," என்றார் விர்ஜிலியோ ஐயா. "கோவிச்சுக்கிட்டு தனியா வந்துட்டோம்."

நான் சிரித்தேன். அண்ணி முத்திரை குத்திய பக்கத்தைச் சரிபார்த்துவிட்டுப் பையில் வைத்தார்.

மாநாட்டு மண்டபத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே எல்லோரும் கோட்டு போட்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெயர்ப்பலகை. எங்கள் பலகை தாய்லாந்துக்கும் டோகோவுக்கும் நடுவில் இருந்தது. முதல் நாள் வரவேற்பில் ஐரோப்பியப் பெண்மணி ஒருத்தி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க உடை எவ்வளவு எளிமையா, கம்பீரமா இருக்கு! உங்க நாட்டுப் பாரம்பரியமா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றார் அண்ணி. "நன்றி."

இரண்டாம் நாள் எங்கள் நாட்டின் உரை. அண்ணி எழுதியது. நூனோவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே எழுதி முடித்தது. காலையில் மின்தூக்கியில் இறங்கும்போது விர்ஜிலியோ ஐயா என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். தாளில் ஒரு வரியை விரலால் காட்டினார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் எங்கள் நாட்டில் தொடர்ந்து குறைந்து வருகிறது என்ற வரி.

"தம்பி, இத எடுத்துரலாமா? நான் எப்படிடா அவ முன்னாடி வாசிப்பேன்?"

"அண்ணிகிட்ட கேக்கட்டுமா ஐயா?"

"நீ கேளு. நான் கேக்கமாட்டேன்."

கேட்டேன். அண்ணி தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், சாப்பிடாமல்.

"ஏன் எடுக்கணும்? கொறைஞ்சிருக்குல்ல. நம்பர் சரியாத்தான் இருக்கு. எடுத்தா அடுத்த வரி தொங்கும்."

ஐயா மேடையில் அந்த வரியை ஓட்டமாக வாசித்தார். எதிரே இருந்தவர்கள் கைதட்டினார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் கைதட்டுவார்கள். அண்ணி தன் பிரதியில் பேனாவை வரிக்கு வரி நகர்த்தி, அவர் எதையாவது விட்டுவிட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். உரை முடிந்து இறங்கி வந்தவரிடம், "நல்லா இருந்துச்சு ஐயா. நேரத்துக்குள்ள முடிச்சிட்டீங்க," என்றார்.

உரைகள் ஊருக்காக. நிஜமான வேலை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் நடந்தது. மாநாட்டின் முடிவில் எல்லா நாடுகளும் சேர்ந்து வெளியிட வேண்டிய பிரகடனத்தை அங்கே சொல் சொல்லாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய திரையில் வாசகம் ஓடும். ஒத்துக்கொண்ட வரிகள் சாதாரணமாகத் தெரியும். யாராவது ஒரு நாடு ஒத்துக்கொள்ளாத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். எல்லா அடைப்புக்குறியும் நீங்கினால்தான் பிரகடனம். பேச விரும்பும் நாடு தன் பெயர்ப்பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். எங்கள் பலகை பெரும்பாலும் படுத்தேதான் கிடக்கும். வளரும் நாட்டுக்காரர்கள் ஒரு கூட்டமாகப் பேசுவார்கள். அவர்கள் பின்னால் நாங்கள் தலையாட்டுவோம்.

டோகோ மேசையில் அஃபி என்ற பெண் இருந்தார். அண்ணியைவிட மூத்தவர். தலையில் பூப்போட்ட துணியைக் கோபுரம் மாதிரி கட்டியிருப்பார். அவருக்குத் தெரிந்தது பிரெஞ்சு, எங்களுக்கு போர்த்துகீசியம். இரண்டு பக்கமும் நொண்டி இங்கிலீஷ். காலையில் உட்கார்ந்ததும் அவர் அண்ணியின் உடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வரவேற்பில் பார்த்த பெண்மணி மாதிரி பார்க்கவில்லை.

"யாரு?" என்று கேட்டார்.

அண்ணி குனிந்து தன் உடையைப் பார்த்தார். "பையன்."

"சின்னவனா?"

"நாலு."

அஃபி தன் முன்னால் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அண்ணியின் பக்கம் நகர்த்தி வைத்தார். அண்ணி குடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகள் பற்றிய பத்தி திரைக்கு வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தடுக்கக்கூடிய மரணங்களை முடிவுக்குக் கொண்டுவருவோம் என்பது வாசகம். பல வருடங்களாகப் பல தாள்களில் இருந்து வருகிற வரி. யாரும் கவலைப்படாத வரி. முன்வரிசையில் இருந்த ஒரு பணக்கார நாட்டுக்காரர் மைக்கைத் தட்டினார். வழுக்கைத் தலை, மென்மையான குரல்.

"தலைவரே, ‘தடுக்கக்கூடிய’ என்ற சொல் எங்க வக்கீலுங்களுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கு. தடுக்கக்கூடியதுனு சொன்னா, யாரு தடுத்திருக்கணும்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பொறுப்பு, இழப்பீடுனு போயிட்டே இருக்கும். பேசாம ‘குழந்தை இறப்பைக் குறைப்போம்’னு வச்சுக்கலாமே. அர்த்தம் ஒண்ணுதான்."

வளரும் நாடுகளின் ஒருங்கிணைப்பாளர் தலையசைத்தார். அவர்களுக்குள் முன்பே பேசி முடித்திருந்தார்கள். இந்தச் சொல்லை விட்டுக்கொடுத்தால் இன்னொரு பத்தியில் நிதி உதவி பற்றி ஒரு வரி கிடைக்கும். திரையை இயக்கிய பெண் அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய உருகுவேக்காரர் சுற்றிலும் பார்த்து, "ஆட்சேபணை இல்லையே? அப்போ அடுத்த பத்தி…" என்றார்.

எனக்கு முன்னால் டக்கென்று ஒரு சத்தம். அண்ணி எங்கள் பலகையை நிறுத்தியிருந்தார்.

தலைவர் கண்ணைச் சுருக்கிப் பெயரைப் படித்தார். "திமோர்?"

"எங்களால ஏத்துக்க முடியாது."

"எதை?"

"அந்த வார்த்தைய எடுக்கறத. அது இருக்கணும்."

"மாற்று வாசகம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"காரணம் சொல்ல முடியுமா?"

அண்ணி திரையைப் பார்த்தார். பஸ் நம்பரைப் படிக்கிற குரலில் மறுபடியும் சொன்னார்: "அது இருக்கணும் தலைவரே."

அறையில் நாற்காலிகள் அசைந்தன. முன்வரிசைக்காரர் திரும்பி எங்களைத் தேடினார். யார் பேசியது என்று அவருக்குத் தெரியவில்லை. தலைவர் பெருமூச்சு விட்டு, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

கதவுக்கு வெளியே ஒருங்கிணைப்பாளர் எங்களைப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி போட்ட மரியாதையான ஆள்.

"சகோதரி, என்னம்மா இது? அந்த நிதி வரிக்காக வருசக்கணக்கா தொண்ட கிழியக் கத்தியிருக்கோம். அதுல லாபம் யாருக்கு? உங்கள மாதிரி சின்ன நாட்டுக்குத்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ம்."

"உங்க அரசாங்கம் சொல்லிச்சா?"

பதிலுக்கு நிற்காமல் ஒருங்கிணைப்பாளர் என்னிடம் திரும்பி, "தம்பி, உங்க குழுத் தலைவர் எங்க? கூப்பிடுங்க," என்றார். நான் போன் போட்டேன்.

விர்ஜிலியோ ஐயா மேல்தளத்திலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தார். கையில் தேங்காய்ப் பலகாரம் வைத்த தட்டு. அதைக் கீழே வைக்க மறந்தே வந்திருந்தார்.

"என்னம்மா ஆச்சு? மூணு பேரு என்கிட்ட வந்து உங்காளு வண்டிய மறிக்கறாங்கனு சொல்றாங்க."

"ஒரு வார்த்தைய எடுக்கப் பாத்தாங்க ஐயா. நான் விடல."

"எந்த வார்த்தை?"

சொன்னார்.

ஐயா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எடுத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"இருந்தா?"

"இருந்தாலும் ஒண்ணும் ஆகாது ஐயா."

"அப்புறம் ஏம்மா?"

"தெரியல." அண்ணி யோசிக்கிற மாதிரிகூட இல்லை. "நீங்கதான் தலைவர். விட்டுருனு சொல்லுங்க, உள்ள போயி விட்டுர்றேன். கோவமெல்லாம் இல்ல. சொல்லுங்க ஐயா."

ஒருங்கிணைப்பாளர் தூரத்திலிருந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஐயா தட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். எங்கள் மேசையில் முன்னிருக்கை அண்ணியுடையது. அதில் போய் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். கூட்டம் தொடங்கியதும் பலகையை அவரே நிறுத்தினார்.

"திமோர். அமைச்சர் அவர்களே," என்றார் தலைவர், நம்பிக்கையோடு.

"எங்க நிலைப்பாட எங்க அதிகாரி சொல்லிட்டாங்க," என்றார் ஐயா. "அதுல மாத்தம் இல்ல. நன்றி."

மைக்கை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். கதவு மூடுவதற்குள் வராந்தாவில் அவர் மூக்கு சிந்துகிற சத்தம் எக்காளம் மாதிரி கேட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி முன்னிருக்கைக்கு மாறி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

அப்போது பக்கத்தில் இன்னொரு பலகை நின்றது.

"டோகோவும் அதையேதான் சொல்லுது," என்றார் அஃபி. அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு தீவு நாடு ஒன்று நிறுத்தியது. பின்வரிசையில் இன்னும் யாரோ. தலைவர் நெற்றியைத் தேய்த்துவிட்டு, "சரி, இப்போதைக்கு அடைப்புக்குறிக்குள்ள இருக்கட்டும்," என்றார். திரையில் கோடு போய், சொல்லின் இரண்டு பக்கமும் இரண்டு சதுரக் குறிகள் முளைத்தன. அடுத்த பத்தி மீன்வளம் பற்றியது. எல்லோரும் அதற்குப் போய்விட்டார்கள்.

என்ன பேரம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. முன்வரிசைக்காரருக்கு வேறு எங்கோ வேறு ஏதோ கிடைத்திருக்க வேண்டும். கடைசி நாள் காலையில் வந்த வாசகத்தில் அந்தச் சதுரக் குறிகள் இல்லை. சொல் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் ஆசைப்பட்ட நிதி வரியும் பாதி வெட்டுப்பட்டு இருந்தது. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. நான் தாளை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன்.

"அண்ணி, இருக்கு! எடுக்கல!"

அண்ணி வாங்கிப் பார்த்தார். "சரி. பதினேழாவது பத்தியில ஒரு கமா விட்டுப் போயிருக்கு. போயி சொல்லிட்டு வா."

நான் போய்ச் சொன்னேன். கமா போட்டார்கள்.

தலைவர் சுத்தியலைத் தட்டினார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் அண்ணி இரண்டாம் வரிசையில் இருக்கிறார். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

வண்டிக்குக் காத்திருக்கும்போது அஃபி வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றார்.

"நானும் ஒருத்திய வச்சிருக்கேன், மண்ணுக்குள்ள," என்றார். "மலேரியா. ரொம்ப வருசமாச்சு."

அண்ணி அவர் பக்கம் திரும்பினார். மாநாட்டுக்கு வந்த பிறகு அவராக ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டது அப்போதுதான்.

"இது போயிருமா?"

"எது?"

"இந்த… ஒண்ணுமே தெரியாம இருக்கறது. கையக் கிள்ளினாலும் வேற யாரையோ கிள்ளற மாதிரி."

அஃபி யோசித்தார். "போயிரும். அதுக்கப்புறம் வர்றதுதான் கஷ்டம்." பிறகு தன் வண்டி வந்ததும் அண்ணியின் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிப் போனார்.

டிலியில் நல்ல மழை. அண்ணன் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நான் பின்பக்கக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அண்ணன் கொட்டகையில் ஒரு பழைய பிரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். எல்லாம் என் காதில் விழுந்தது.

"அங்க போயி என்னதான் பண்ணின?" என்று கேட்டார் அண்ணன். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. பேச எதுவும் கிடைக்காமல் கேட்ட மாதிரி இருந்தது.

"ஒரு வார்த்தைய எடுக்கப் பாத்தாங்க. எடுக்க விடல."

"என்ன வார்த்தை?"

அண்ணி அந்த வரியை எங்கள் டேட்டம் மொழியில் சொன்னார். எங்கள் மொழியில் அதற்குத் தனிச் சொல் கிடையாது. சாகாமல் காப்பாற்றியிருக்கக்கூடிய பிள்ளைகளின் சாவு என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். அப்படித்தான் சொன்னார்.

திருப்புளியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்போ நம்ம பையன காப்பாத்தியிருக்கலாம்னு ஊரைக் கூட்டி எழுதி வச்சிட்டு வந்திருக்க."

"ஆமா."

"யாரு காப்பாத்தியிருக்கணும்னு போட்டிருக்கா அதுல?"

"இல்ல."

"ஏன் போடல?"

"அத போட்டா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்."

அண்ணன் சிரித்தார். பையன் போனதற்கப்புறம் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சிரிப்பு நின்ற பிறகு பக்கத்து வீட்டுச் சேவல் கத்தியது.

"நான்தான சொன்னேன்," என்றார் அண்ணன். "காய்ச்சல் விட்டிருச்சு, நீ கெளம்புனு."

"நானும் தொட்டுப் பாத்தேன்ல. நெத்தி சில்லுனு இருந்துச்சு." கீரைக்காம்பு ஒடிகிற சத்தம். "சந்தோசமா போனேன் அபிலியோ. மைக்ரோலெட்டு வேன்ல பாட்டு போட்டிருந்தான். நானும் கூடவே முணுமுணுத்துட்டுப் போனேன்."

"காலும் சில்லுனு இருந்துச்சு."

"எப்போ?"

"நீ போனதுக்கப்புறம். கால் குளுருதுப்பானு சொன்னான். நான் சாக்ஸ் போட்டு விட்டேன்."

அண்ணி கீரையை நிறுத்திவிட்டார்.

"எந்த சாக்ஸ்?"

"மஞ்சள்."

"அது சின்னதா போயிருச்சே."

"ஆமா. குதிகால் வரைக்கும் ஏறல. பாதியில நின்னுச்சு. அப்படியே விட்டுட்டேன்."

அப்போது அண்ணியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அண்ணன் எழுந்து அந்தப் பக்கம் போவது தகரத்தின் கீழே தெரிந்த கால்களிலிருந்து தெரிந்தது. நான் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். வாளி நிரம்பி வழிந்தது. அலசிய துணியையே மறுபடி அலசிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம்வரை அழுதார். சத்துர்னினா அத்தை சத்தம் கேட்டு வந்தார், வாசலிலேயே நின்றார், முதல்முறையாக ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். ஆய்ந்த கீரையை நான்தான் சமைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அண்ணி வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. விர்ஜிலியோ ஐயா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அழுதுகொண்டிருக்கிறார் என்றேன். "நல்லது," என்றார். பிறகு தான் சொன்னதைக் கேட்டுத் தானே சங்கடப்பட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அண்ணி வந்தார். முகம் வீங்கியிருந்தது. பிரகடனத்தை டேட்டத்தில் மொழிபெயர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்திருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நடுநடுவே எழுந்து வெளியே போய்விட்டு வருவார். நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். குழந்தைகள் பத்தியை அவர் எனக்குத் தரவில்லை. அவரே செய்தார். அதற்கு ஒரு முழுப் பகல் ஆனது.

இனிப்புப் பூ போட்ட அன்று வெயில். இடுகாட்டில் ஆட்கள் நிறைய. பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, ஜெபம் சொல்லி, எல்லோரும் லாரியில் ஏறி வீட்டுக்குச் சாப்பிடப் புறப்பட்டார்கள். அண்ணனும் அண்ணியும் ஏறவில்லை. நடந்தே வருகிறோம் என்றார்கள். லாரியின் பின்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன் வழக்கம்போல நாலெட்டு முன்னால் நடந்தார். அண்ணி கறுப்புத் துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு பின்னால் வந்தார். பாலத்துக்கு முன்னால் சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில், வண்டி எதுவும் வராதபோதும், அண்ணன் நின்றார். அண்ணி வந்து சேர்ந்த பிறகு இருவரும் கடந்தார்கள்.